‘முடித்தார்’ என்ற பச்சைக் குறி எதைச் சொல்கிறது?

பணியிடங்களுக்கான இணையவழிப் பயிற்சிகளை வடிவமைப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், போலி மின்னஞ்சல்களை இனங்காணுவது குறித்த கட்டாயப் பயிற்சி ஒன்றை உருவாக்கினேன். நாற்பது நிமிடப் பாடம், இறுதியில் பத்துக் கேள்விகள். குறித்த நாளுக்குள் ஏறத்தாழ எல்லோரும் முடித்துவிட்டார்கள். மேலாளரின் திரையில் பெயர்களுக்கு எதிரே பச்சைக் குறிகள் வரிசையாக நின்றன. சில வாரங்கள் கழித்துப் பாதுகாப்புப் பிரிவினர் சோதனைக்காகப் போலி மின்னஞ்சல் ஒன்றை அனுப்பியபோது, முழு மதிப்பெண் பெற்றவர்களில் பலர் அதிலிருந்த இணைப்பைத் தயக்கமின்றிச் சொடுக்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாடம் அவர்களிடம் கேட்டது ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்துவதை மட்டுமே. அதை அவர்கள் சரியாகவே செய்திருந்தார்கள்.

அந்தப் பச்சைக் குறிக்கு ஒரு வரலாறு உண்டு. 1997ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய ஏடிஎல் என்னும் முயற்சியிலிருந்துதான் ஸ்கார்ம் என்ற தொழில்நுட்பத் தரம் பிறந்தது. ஒரு மென்பொருளுக்காகச் செய்த பாடத்தை இன்னொன்றில் மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்த காலத்தில், ஒருமுறை செய்த பாடம் பாடங்களை வழங்கி யார் முடித்தார் என்று பதியும் எந்தக் கற்றல் மேலாண்மை மென்பொருளிலும் இயங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் அது வென்றது. 2001இல் வெளிவந்த அதன் 1.2 பதிப்பை இன்றும் எத்தனையோ நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. ஆனால் அந்தத் தரத்தின் வழியே பாடம் மென்பொருளுக்கு வழக்கமாகச் சொல்பவை மிகச் சில: முடித்தாரா இல்லையா, தேர்ச்சி பெற்றாரா, மதிப்பெண் என்ன, எந்தப் பக்கத்தில் விட்டார், எவ்வளவு நேரம் இருந்தார். அந்த நேரமும் சாளரம் திறந்திருந்த நேரம்தானே தவிர, மனம் திறந்திருந்த நேரம் அல்ல. எளிதாக எண்ண முடிந்ததையெல்லாம் நாம் எண்ணினோம். நாளடைவில் அந்த எண்ணையே கற்றல் என்று நம்பவும் தொடங்கிவிட்டோம்.

பணியிடக் கற்றலுக்கென இன்று வரிசைகட்டி வரும் புதிய கருவிகளை இந்த அனுபவத்தின் பின்னணியில்தான் நான் பார்க்கிறேன். ஒரு கருவி, கற்பவரைத் தானே நினைவுகூரவும், முயலவும், தவறவும், திருத்திக்கொள்ளவும் வைக்கிறதா? வைக்கிறதென்றால் அது எனக்கு வேண்டும். பச்சைக் குறியை இன்னும் விரைவாக வாங்கித் தருவதற்கு மட்டும் உதவுகிறதென்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது எல்லா விற்பனைப் பேச்சிலும் ஒலிக்கும் சொல் மைக்ரோலேர்னிங். ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பாடத்தை வெட்டிக் கைப்பேசிக்கு அனுப்பினால் மறதியை வென்றுவிடலாம் என்கிறார்கள். சான்றாக எபிங்ஹாஸின் மறதி வளைகோட்டைக் காட்டுகிறார்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ், கற்றது நாளாக ஆக எவ்வளவு மறக்கிறது என்பதைப் பற்றி 1885இல் வெளியிட்ட ஆய்வு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துப் பார்த்த ஒரு மனிதரின் ஆய்வு. தம் அன்றாட வேலையோடு தொடர்புடைய, பொருள் நிறைந்த ஒன்றை ஒருவர் எவ்வளவு மறப்பார் என்பதற்கு அந்த வளைகோட்டிலிருந்து ஒரு சதவீதத்தை எடுத்து ஒட்டுவது நேர்மையன்று. அவர் ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இடைவெளி விட்டு மீண்டும் படிப்பதன் பயனையே. பாடத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டுவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. இதைவிட முக்கியமான ஒன்றை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஆனால் இரண்டு நாளும் ஒரு வாரமும் கழித்துப் பார்த்தபோது, மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பாடம் முடிந்த அந்த நிமிடத்திலேயே நடக்கும் பத்துக் கேள்வித் தேர்வு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. ஐந்து நிமிடக் காணொளியைத் துண்டு துண்டாகப் பார்க்க வைப்பது பழைய பாடத்தை நறுக்கித் தருவது மட்டுமே. மூன்றாம் நாளிலும், பத்தாம் நாளிலும், ஒரு மாதம் கழித்தும் ஒரே ஒரு கேள்வியை அனுப்பி, விடையை நினைவிலிருந்து தேடி எடுக்க வைக்கும் எளிய செயலிக்கு என் வாக்கு எப்போதும் உண்டு.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, வாரக்கணக்கில் செய்த பாடத்தை ஒரு பிற்பகலில் செய்துவிட முடிகிறது. விதிமுறை ஆவணத்தைக் கொடுத்தால் படவில்லைகளும், பேசும் உருவமும், கேள்விகளும் தயாராக வந்து நிற்கின்றன. உள்ளபடியே சொன்னால், இதுவே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பணியிடங்களில் பாடங்களுக்கு எப்போதும் பஞ்சமிருந்ததில்லை. யாரும் திறக்காத பாடங்கள் ஏற்கெனவே குவிந்துகிடக்கின்றன. அந்தக் குவியலை இன்னும் மலிவாக உயர்த்துவதற்கு இத்தனை ஆற்றல் வாய்ந்த கருவி தேவையில்லை. போதாக்குறைக்கு, அது சொல்லும் தவறும் சரியும் ஒரே சரளமான நடையில் வருவதால், துறை அறிந்த ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்காத பாடத்தை ஊழியர் முன் வைப்பது ஆபத்தானது.

அதே கருவியை வேறு விதமாகப் பயன்படுத்தியபோது நான் நெகிழ்ந்திருக்கிறேன். கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளராக அது பேச, புதிதாகச் சேர்ந்தவர் பதில் சொல்லிப் பழகுகிறார். திணறுகிறார், மறுபடி முயல்கிறார். பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை, மதிப்பீட்டில் ஏற்றவும் யாரும் இல்லை. மேலாளராகப் பதவி உயர்ந்த ஒருவர், முதன்முறையாக ஒரு கசப்பான மதிப்பீட்டை இன்னொரு மனிதரிடம் சொல்வதற்கு முன் ஐந்து முறை ஒத்திகை பார்த்துக்கொள்ள முடிகிறது. தனி ஆசிரியரிடம் கற்பவர் வகுப்பறையில் கற்பவரைவிட எவ்வளவு முன்னேறுகிறார் என்று எழுதிய கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம், அந்தப் பயனை எல்லோருக்கும் எட்டும் செலவில் தருவது எப்படி என்ற கேள்வியை 1984இல் எழுப்பினார். செயற்கை நுண்ணறிவு அதற்கு முழு விடை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும், தவறு செய்து பழகுவதற்கான இடம் இத்தனை பேருக்கு இவ்வளவு எளிதாக இதற்கு முன் கிடைத்ததில்லை.

கணினி உருவாக்கிய உலகைக் கண்முன் காட்டும் மெய்நிகர் தலைக்கவசங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரத்தில் வேலை, தீ, கனரக இயந்திரம் என்று உடலும் ஆபத்தும் சம்பந்தப்பட்ட இடங்களில் அவை பொருந்தும். விடுப்பு விதிமுறையைப் படிப்பதற்கு அவை தேவையில்லை.

ஸ்கார்மின் குறையைத் தீர்க்க 2013இல் எக்ஸ்ஏபிஐ என்ற புதிய தரம் வந்தது. யார், என்ன செய்தார், எதன் மீது செய்தார் என்ற சிறு வாக்கியங்களாகக் கற்றல் அனுபவங்களை இது பதிவு செய்கிறது. பாடத்துக்கு வெளியே, ஒரு பாவனைப் பயிற்சியிலோ கைப்பேசிச் செயலியிலோ உண்மையான வேலைக்கருவியிலோ நடப்பதையும் பதிய முடியும். என் போலி மின்னஞ்சல் பயிற்சிக்கு அன்று இது இருந்திருக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பதிய முடியும் என்பது, எல்லாவற்றையும் கண்காணிக்க முடியும் என்பதன் மறுபெயரும் ஆகும். ஒரு கேள்வியில் எத்தனை முறை தவறினார் என்ற பதிவு பயிற்றுநரிடம் இருந்தால் அது உதவி. ஊதிய உயர்வை முடிவு செய்பவரிடம் போனால், அடுத்த முறை யாரும் துணிந்து தவற மாட்டார்கள். பணியிடத்திலும் கல்விநிலையத்திலும் மனிதரின் உணர்ச்சிகளை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்காக அன்றி, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். சட்டம் கேட்காத இடங்களிலும், எந்தப் பதிவு யார் கண்ணுக்குத் தெரியும் என்பதைப் பயிற்சியின் முதல் திரையிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, எந்தக் கருவியாலும் தர முடியாத ஒன்று மிஞ்சுகிறது: நேரம். கற்றலை வேலைநேரத்துக்கு வெளியே, இரவு உணவுக்குப் பிந்தைய அரைமணியில் தள்ளிவிட்டு, ஊழியர்களிடம் ஆர்வமில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் மேலாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்குத் தனிக் கணினியும் இல்லை, அமரும் இடமும் இல்லை. காணொளிக்கு எழுத்துரை இல்லாததால் காது கேளாத ஊழியர் ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரின் உதவியோடு கட்டாயப் பயிற்சியை முடித்ததையும் நேரில் கண்டேன். அவர் பெயருக்கு எதிரேயும் அதே பச்சைக் குறிதான் இருந்தது.

அந்தப் போலி மின்னஞ்சல் பயிற்சியைப் பிறகு மாற்றினேன். நாற்பது நிமிடப் பாடத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்து, இரு வாரத்துக்கு ஒன்று என வெவ்வேறு வகைச் சோதனை மின்னஞ்சல்களை அனுப்பினோம். ஏமாந்து சொடுக்கியவருக்கு, எந்த அடையாளத்தைத் தவறவிட்டார் என்று அந்த நொடியிலேயே ஒரு சிறு குறிப்பு தெரிந்தது. அவர் பெயர் மேலாளருக்குப் போகவில்லை. மாதாந்திர அறிக்கையில் ‘முடித்தவர்கள்’ என்ற பத்தியை நீக்கிவிட்டு, சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலைப் பாதுகாப்புப் பிரிவுக்கு எத்தனை பேர் தெரிவித்தார்கள், வந்த எத்தனையாவது நிமிடத்தில் முதல் தகவல் கிடைத்தது என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்தோம். முதல் கூட்டத்தில், பச்சைக் குறிகள் எங்கே என்று கேட்டார்கள். மூன்றாவது கூட்டத்தில், முதல் தகவலுக்கு ஏன் இன்னும் இத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டார்கள்.