‘பேராசைக் கூட்டம்’ என்று சிரித்தவர்களுக்கு

நேற்றைய அந்தப் பதிவை யார் போட்டார் என்று சொல்லப் போவதில்லை. எல்லோரும்தான் பார்த்தீர்களே. பிரேசில் புகைப்படக் கலைஞர் செபாஸ்தியாவோ சல்காடோ 1986இல் எடுத்த, செர்ரா பெலாடா தங்கச் சுரங்கக் குழியில் மூட்டை சுமக்கும் கூட்டத்தின் படம். மேலே ‘பேராசை பெருநஷ்டம்’ என்று ஒரு வரி, கீழே கைதட்டல். பணிவாகத்தான் ஒரு கமெண்ட் போட்டேன், பதிலுக்குச் சிரிப்பு எமோஜி வந்தது. சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

யாருக்கய்யா பேராசை? பிரேசிலின் பாரா மாநிலத்தில் தங்கம் கிடைக்கிறது என்ற சேதி பரவி, 1980இல் ஜனம் குவிந்தது. உச்சத்தில் லட்சம் பேர் வரை இருந்தார்கள் என்கிறார்கள். வறட்சி வாட்டிய வடகிழக்கிலிருந்து வந்த கூலிகள் ஏராளம். சுரங்க உரிமை அன்று அரசு நிறுவனமாக இருந்த வாலேயிடம் இருந்ததால் இவர்கள் ‘சட்டவிரோதிகள்’. துரத்த வேண்டிய ராணுவ அரசு என்ன செய்தது? குரியோ என்ற மேஜரை அனுப்பி முகாமையே தன் கைக்குள் கொண்டுவந்தது. சாராயம் கூடாது, பெண்கள் வரக்கூடாது, தங்கத்தை அரசு வங்கியிடம்தான் விற்க வேண்டும். வாங்கினவன் அரசாங்கம், தோண்டினவன் திருடன்!

படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குழி முழுக்க இரண்டுக்கு மூன்று மீட்டர் அளவில் சின்னச் சின்னப் பாத்திகள். சேறு வழியும் மூட்டையோடு, முன்னால் ஏறுபவனின் குதிகால் முகத்தில் இடிக்க, மர ஏணியில் ஏறுகிறார்கள். அந்த ஏணிக்கு அவர்களே வைத்த பெயர் ‘போய்வருகிறேன் அம்மா’. மூட்டை சுமந்தவர்களில் பலருக்குத் தங்கத்தில் பங்கே கிடையாது, வெறும் கூலிதான். கூலிக்குச் சுமப்பவன் பேராசைக்காரனா? அட்சய திருதியைக்கு நகைக்கடையில் டோக்கன் வாங்கி நின்ற செல்ஃபியையும் இந்தப் பதிவைப் போட்ட அதே நண்பர்தான் போட்டிருந்தார். அது பக்தி போல.

‘தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசத்தால் மண்ணையும் தண்ணீரையும் கெடுத்தார்களே’ என்று ஒருவர் கேட்டார். கெடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கத்தை வாங்கிய வங்கியின் கை மட்டும் சுத்தமா?

‘யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, தானாகத்தானே போனார்கள்?’ என்று இன்னொருவர். இதுதான் சுருக்கென்று தைத்தது. என் சித்தப்பாவும் தானாகத்தான் வளைகுடாவுக்குப் போனார். பாட்டியின் சங்கிலியை விற்று ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசி மாதங்களின் சம்பளம் வராமலே திரும்பி வந்தார். ‘உள்ளூரில் கிடைத்தது போதாதா, பேராசை’ என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். உள்ளூரில் என்ன கிடைத்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சித்தப்பா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ஓரமாகத்தான் உட்காருகிறார்.

எங்கே விட்டேன்? ஆமாம், பேராசை. 1983இல் அந்தக் குழியில் அறுபது கிலோவைத் தாண்டிய ஒரு தங்கக் கட்டி கிடைத்தது. இன்று அது பிரேசில் மத்திய வங்கியின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. அதற்குப் பெயர் தேசியப் பெருமை. 1987 டிசம்பரில் பாரா மாநிலத்து மராபா நகரின் பாலத்தில் இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் மறியல் செய்தபோது கேட்டது தங்கமில்லை. குழியின் சரிவுகளைச் செதுக்கிப் பாதுகாப்பாக்குங்கள், மண் எங்கள் மேல் சரிகிறது என்றார்கள். போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் கணக்கு ஒத்துப்போகவில்லை. தங்கக் கட்டியை மட்டும் கிராம் சுத்தமாக எடை போட்டிருக்கிறார்கள்!

1992இல் அரசு சுரங்கத்தை மூடியது. குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. போக இடமில்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். இன்னும் தங்கம் கிடைக்கும் என்று காத்திருந்து கிழவர்களானவர்களும் உண்டு. உடனே ‘பார்த்தீர்களா, பேராசை!’ என்று தட்டச்சு செய்ய விரல் துடிக்கும், தெரியும். பத்து வருஷம் உடம்பைக் கொட்டிய இடத்தைவிட்டு எங்கே போவார்கள்? போகச் சொல்பவர் பஸ் செலவாவது கொடுப்பாரா?

‘பிரேசில்காரனுக்கு நீ ஏன் கொதிக்கிறாய்’ என்று இன்பாக்ஸில் கேட்டவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. வாதம் செய்ய வருபவர்கள் தாராளமாக வரலாம். சித்தப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வந்தாலும் பிளாக்தான்.