கடலுக்கும் ஒரு வாய்தா

2019 கனடா தேர்தலில் லிபரல் கட்சி வாக்குறுதி கொடுத்தது: மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலில் சால்மன் வளர்க்கும் திறந்த வலைக்கூண்டுகளை 2025க்குள் ஒழித்துவிடுவோம் என்று. 2024 ஜூனில் அதே கட்சியின் அரசு, தடை 2029 ஜூன் 30 முதல்தான் என்று அறிவித்தது. கையோடு ஐந்தாண்டுக்கு உரிமங்களும் புதுப்பிக்கப்பட்டன. நம் ஊர் நீதிமன்றத்தில் இதற்கு வாய்தா என்று பெயர்.

நான்கு வருடம் தாமதமானால் குடியா முழுகிவிடும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். சால்மனின் உடம்பில் ஒட்டிப் பிழைக்கும் ஒட்டுண்ணியான கடற்பேனின் கதை தெரிந்தால் கேட்டிருக்கமாட்டார். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். இலையுதிர் காலத்தில் பெரிய மீன்கள் உடம்பில் பேனோடு ஆறேறும். நன்னீரில் பேன் உதிர்ந்துவிடும். வசந்தத்தில் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும்போது பேன் சுமக்கும் பெரிய மீன் கரையோரத்தில் அதிகம் இருக்காது. இந்த இடைவெளியில்தான், செதில்கூடச் சரியாக முளைக்காத பிங்க் சால்மன் குஞ்சு காலங்காலமாகப் பிழைத்து வந்தது. அதே வழியில் லட்சக்கணக்கான அட்லாண்டிக் சால்மனைக் குளிர்காலம் முழுக்க அடைத்து வைத்தால் பேனுக்கு அது சத்திரம். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்.

2009இல் அந்த மாகாணத்தின் பிரேசர் ஆற்றுக்குச் சாக்கை என்ற வகைக் காட்டு சால்மன் ஒரு கோடி திரும்பும் என்று கணித்தார்கள். 15 லட்சம்கூட வரவில்லை. (மறு ஆண்டே இரண்டரைக் கோடிக்கு மேல் வந்தது, எல்லாப் பழியையும் கூண்டின் தலையில் போட நான் தயாரில்லை.) 2009இல் மீன் குறைந்தது ஏன் என்று விசாரித்த நீதிபதி புரூஸ் கோஹன் 2012 அறிக்கையில் கெடு வைத்தார்: பிரேசர் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வழியிலுள்ள டிஸ்கவரி தீவுகளின் கூண்டுகளால் அபாயம் மிகக் குறைவு என்று 2020 செப்டம்பர் 30க்குள் உறுதியாகாவிட்டால் அவற்றைத் தடை செய்யவேண்டும். மீன்வளத் துறை ஒன்பது நோய்க்கிருமிகளை ஆராய்ந்து, அபாயம் மிகக் குறைவு என்றது. அந்த ஒன்பதில் கடற்பேன் இல்லை!

பிறகு 2020 டிசம்பரிலேயே மீன்வள அமைச்சர் டிஸ்கவரி தீவுகளிலுள்ள 19 பண்ணைகளையும் காலி செய்யச் சொன்னார். பாதிக்கப்படுவோரை முறையாகக் கேட்காத முடிவு என்று 2022இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2023இல் அடுத்த அமைச்சர் 15 உரிமங்களை மறுபடி மறுக்கவேண்டி வந்தது.

எனக்கு உறுத்துவது கிளெம்டு. படகிலோ கடல்விமானத்திலோதான் போகமுடிகிற அந்தச் சிற்றூரில் கிடாசூ சைசைஸ் என்ற பூர்வகுடி மக்களுக்குச் சால்மன் பண்ணைதான் பெரிய பிழைப்பு. அதே மாகாணத்தின் பிராட்டன் தீவுக்கூட்டத்திலோ நம்கிஸ் உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் போராடி, 2018இல் மாகாண அரசோடு உடன்பாடு செய்து கூண்டுகளை வெளியேற்றினார்கள். ஆகவே ‘பூர்வகுடிகள் விரும்புகிறார்கள்’ என்று ஒரே வாயாகப் பேசும் இரு தரப்பையும் நான் நம்புவதில்லை. தரைத்தொட்டியில் வளர்த்தால் போயிற்று என்பவர்களுக்கும் ஒரு செய்தி: நம்கிஸ் மக்களே 2013இல் வான்கூவர் தீவில் குட்டெரா என்ற தரைப்பண்ணையைத் தொடங்கினார்கள். மீன் வளர்ந்தது. லாபம் அவ்வளவு லேசில் வளரவில்லை.

என் கட்சி இதுதான்: 2029 இனி ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. அமைச்சர் மாறினாலும் மாறாதபடி அதைச் சட்டத்தில் எழுதட்டும். கிளெம்டுக்கு என்ன வேலை, யார் பணம், எந்த ஆண்டிலிருந்து என்பதையும் அதே தாளில் எழுதட்டும்.

கூண்டு சால்மன் இனி வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். “காட்டு சாக்கை என்ன விலை தெரியுமா?” என்றாள் மனைவி. தெரியும். மாதம் ஒருமுறை வாங்கலாம் என்று சமாதானமாகியிருக்கிறோம்.