மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அசையக் கூடாது

'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்.' 'பேரி லிண்டன்' படத்தைப் பற்றி நண்பர் ஒருவரிடம் கேட்டபோது இதைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். ஸ்டான்லி குப்ரிக் 1975இல் எடுத்த, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் அவருக்கு ஒரே பழமொழியில் அடங்கிவிட்டது. எனக்கு மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்தது. முதல் தடவை இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1844இல் எழுதிய நாவல்தான் மூலம். ரெட்மண்ட் பேரி அயர்லாந்துக்காரன், சொத்துபத்து இல்லாதவன். துப்பாக்கிச் சண்டையில் ஒரு ஆங்கிலேய கேப்டனைக் கொன்றுவிட்டதாக நம்பி ஊரைவிட்டு ஓடுகிறான். துப்பாக்கியில் இருந்தது குண்டே இல்லை, வெறும் நார் என்பது பிறகுதான் தெரியவருகிறது. வழியில் கொள்ளைக்காரர்கள் உருவிவிட, வேறு வழியில்லாமல் பிரிட்டிஷ் படையில் சேர்கிறான். அப்புறம் ஏழாண்டுப் போர், பிரஷ்யப் படை, ஒற்றன் வேலை, சீட்டாட்டப் பித்தலாட்டம். கடைசியில் ஒரு பணக்காரச் சீமாட்டியை மணந்து அவளுடைய குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள்கிறான். முதல் பாதி ஏற்றம், இரண்டாம் பாதி இறக்கம். படத்திலேயே எழுத்து அட்டை போட்டு அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள்.

இந்தப் படம் என்றதும் எல்லோரும் மெழுகுவர்த்தியைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அங்கேதான் வருகிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. நாசாவுக்காக ஜைஸ் நிறுவனம் செய்த, மிகக் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் எஃப் 0.7 லென்ஸை வாங்கி, கேமராவையே அதற்கேற்ப மாற்றி, இரவுக் காட்சிகள் பலவற்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கலை, உடை, இசை என்று மேலும் மூன்று விருதுகள். சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

ஆனால் அந்த லென்ஸ் நடிகர்களை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு அகலமாகத் திறக்கும் லென்ஸில் ஃபோகஸ் நிற்கும் தூரம் மிகமிகக் குறைவு. தலையைச் சற்று முன்னே நீட்டினாலே முகம் கலங்கிவிடும். அதனால் சீட்டாட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அசையவே மாட்டார்கள். வெள்ளைப் பூச்சு, ஒட்டவைத்த மச்சம், பொய்முடி, அதற்குள்ளிருந்து கண் மட்டும் மெதுவாகத் திரும்பும். 'பொம்மை மாதிரி இருக்கிறார்கள், உயிரே இல்லை' என்று திட்டுகிறவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த மேசையில் உட்காரத் தகுதியே அதுதான் என்பது என் கட்சி. கோபம் வரலாம், காமம் வரலாம், கடன் கழுத்தை நெரிக்கலாம். முகம் மட்டும் கலங்கக் கூடாது.

பேரி அந்தச் சீமாட்டியை மடக்கும் காட்சியைப் பாருங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். பார்வை மட்டும்தான். காற்று வாங்கப் போகிறேன் என்று அவள் எழுந்து வெளியே போகிறாள், இவன் பின்னாலேயே போகிறான். இருவருக்கும் இடையே ஒரு வார்த்தை இல்லை. பின்னணியில் ஷூபர்ட்டின் பியானோ மூவிசை. ஷூபர்ட் அதை எழுதியது 1827இல், படத்தின் கதையோ 1789இல் முடிந்துவிடுகிறது. இது குப்ரிக்குக்குத் தெரியாமல் நடந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு இசையில் சோகமான காதல் மெட்டு கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பொத்தானைக்கூட வரலாற்றுப்படி தைக்கச் சொன்ன மனிதர் இசையில் மட்டும் துணிந்து பொய் சொல்கிறார்! கல்யாணம் முடிந்து வண்டியில் போகும்போது, புகைக்க வேண்டாமே என்று அவள் கெஞ்சுகிறாள். அவள் முகத்திலேயே புகையை ஊதுகிறான். ஷூபர்ட் அவ்வளவுதான்.

இப்போது பழமொழிக்கு வருகிறேன். பேரி செய்த தப்புகளைக் கணக்குப் பாருங்கள். மனைவியை ஏமாற்றுகிறான், அவள் சொத்தைக் கரைக்கிறான், பிரபுப் பட்டம் வாங்குவதற்காகப் பணத்தை வாரி இறைக்கிறான், அவளுடைய முதல் கணவனின் மகன் புல்லிங்டனைப் பிரம்பால் அடிக்கிறான். இவற்றில் எதற்குமே அந்தச் சமூகம் அவனை ஒதுக்கவில்லை. எல்லாம் மூடிய கதவுக்குள் நடந்தது, விருந்துகளும் நடந்துகொண்டே இருந்தன. அவன் விழுவது ஒரே ஒரு மாலையில். வீட்டில் கச்சேரி நடக்கிறது, அவையில் பெரிய மனிதர்கள். புல்லிங்டன் தன் குட்டித் தம்பிக்குத் தன் காலணியை மாட்டிவிட்டு, டக் டக் என்று சத்தம் கேட்க அழைத்து வந்து, எல்லோர் முன்னாலும் பேரியை அவமானப்படுத்துகிறான். பேரி பாய்ந்து அவனைக் கீழே தள்ளி அடிக்கிறான். அதுவரை ஓவியம் போல அசையாமல் நின்ற கேமரா அந்த இடத்தில் கையில் பிடித்து ஆடுகிறது, அலைக்கழிகிறது. முதல் பாதியில் பேரி சிப்பாயாக இருந்தபோது போட்ட குத்துச்சண்டையிலும் இதே ஆட்டம்தான். அன்று கைதட்டினார்கள். இன்று, அடுத்து வரும் காட்சியிலேயே, நேற்றுவரை கைகொடுத்த பிரபு மிக மரியாதையாக, முகம் கலங்காமல், அவன் அழைப்பைத் தட்டிக்கழிக்கிறார்.

குடை பிடித்ததற்காக யாரும் அவனைத் தண்டிக்கவில்லை. அந்தக் கூட்டமே இரவும் பகலும் குடை பிடிக்கிற கூட்டம். பிடிக்கும்போது கை நடுங்கியதுதான் குற்றம். அந்தப் பழமொழியைச் சொல்கிறவர் எந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் என்பதுதான் என் சந்தேகம். (நண்பர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.)

பேரியாக நடித்த ரையன் ஓ'நீலின் முகம் மரக்கட்டை என்பார்கள். மகன் பிரையன் குதிரையிலிருந்து விழுந்து சாகக் கிடக்கும்போது, பழைய போர்க்கதையைச் சொல்லத் தொடங்கி முடிக்க முடியாமல் உடைகிறானே, அந்த மரக்கட்டையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இத்தனைக்கும் அவன் பிள்ளையில்லாமல், ஏழையாய், தனியாகத்தான் முடிவான் என்று கதைசொல்லும் குரல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தெரிந்தே பார்க்க வைத்து அழ வைக்கிறார் குப்ரிக்.

கடைசிச் சண்டை புறாக்கள் முனகும் ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள். நாவலில் இது கிடையாது. புல்லிங்டனின் துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிடுகிறது, பயத்தில் வாந்தி எடுக்கிறான். இப்போது பேரியின் முறை. அவன் தரையைப் பார்த்துச் சுடுகிறான். படம் முழுக்க அவன் செய்த ஒரே பெருந்தன்மையான காரியம். பதிலுக்குப் புல்லிங்டன் சுட்டதில் அவன் கால் போகிறது. இங்கிலாந்தை விட்டுப் போனால் ஆண்டுக்கு 500 கினி (அக்கால ஆங்கிலத் தங்கக் காசு) என்று பேரம் வருகிறது, ஊன்றுகோலோடு வண்டி ஏறுகிறான்.

முடிவில், அவர்கள் எல்லோரும் இப்போது சமம் என்ற அட்டை வருகிறது. அதைத்தான் பலரும் பகிர்கிறார்கள். அதற்கு முந்தைய காட்சிதான் என்னோடு தங்கிவிட்டது. மேசையைச் சுற்றி மறுபடி அசையாத மனிதர்கள். சீமாட்டி ஒவ்வொரு தாளாகக் கையெழுத்துப் போடுகிறாள். பேரியின் உதவித்தொகைக்கான தாள் வருகிறது, தேதி டிசம்பர் 1789. கை ஒரு கணம் நிற்கிறது, பார்வை எங்கோ போகிறது. மகன் புல்லிங்டன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். முகத்தில் எதுவும் இல்லை. கையெழுத்துப் போடுகிறாள்.