அப்பத்தாவின் லைன்பேக்கர்

(காரைக்குடி. பெரிய வீட்டின் முகப்பில் டிவி, அதில் அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம். சொக்கு கையில் கன்ட்ரோலர். பக்கத்தில் அப்பத்தா பூண்டு உரிக்கிறார்.)

அப்பத்தா: ஏன் ராசா, பந்தை நீட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்கிறானே. கொடுக்கிறதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியாதா?

சொக்கு: அதுதான் ஆட்டமே அப்பத்தா. ஆர்.பி.ஓ., அதாவது ரன்-பாஸ் ஆப்ஷன் என்று பேர். ஓடவும் செய்யலாம், எறியவும் செய்யலாம். பந்தை எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பேர். அவன் எதிரணியில் ஒரே ஒருத்தனைத்தான் பார்ப்பான்.

அப்பத்தா: பதினொரு பேர் நிற்கிறான்களே, எவனை?

சொக்கு: இந்த லைன்பேக்கரை, முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கிறவனை. ஓடுகிறவனைப் பிடிக்க அவன் முன்னால் பாய்ந்தால், அவன் விட்டுவந்த இடம் காலி. அங்கே குறுக்கே ஓடுகிற நம்ம ஆளுக்கு எறியணும். பாயாமல் பின்னாலேயே நின்றால், பந்தை ஓடுகிறவனிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அப்பத்தா: நீ எங்கே பார்த்தாய்? ஆட்டம் தொடங்கும் முன்பே "இந்தத் தடவை எறியப்போறேன்" என்று கத்தினாயே!

சொக்கு: முன்னால் ஏழெட்டுப் பேர் நெருக்கி நின்றான்கள். அப்படி நின்றால் எறியணும், ஆறு பேர் என்றால் ஓடணும்.

அப்பத்தா: நின்றதை எண்ணினாய், சரி. அப்புறம் நகர்ந்தானே, அதைப் பார்த்தாயா?

சொக்கு: எதிரில் ஆடுகிறவன் பொல்லாதவன் அப்பத்தா. லைன்பேக்கரைத் தானே நடத்துகிறான். வருகிற மாதிரி பாவ்லா காட்டிவிட்டுப் பின்னால் போய்விடுகிறான்.

அப்பத்தா: பந்து எடுத்த பிறகு முதல் அடி எந்தப் பக்கம் வைக்கிறான் என்று பார். அதற்கு முன்னால் அவன் ஆடுவதெல்லாம் கூத்து.

(சொக்கு பார்க்கிறான், யோசிக்கிறான், எறிகிறான். திரையில் மஞ்சள் துணி விழுகிறது.)

அப்பத்தா: யாரோ கைக்குட்டையைப் போட்டுவிட்டான்.

சொக்கு: ஐயோ, ஃப்ளாக்! விதி மீறினால் நடுவர் போடுகிற துணி. ஓட்டம்தான் என்று நினைத்து, முன்வரிசையில் நிற்கிற நம்ம லைன்மேன் முன்னே போய்விட்டான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். விதிப்படி, எறிவதற்குள் அவன் ஒரு யார்டுக்கு மேல் போகக்கூடாது. ஐந்து யார்டு அபராதம். கல்லூரி ஆட்டத்தில் மூன்று யார்டு வரை விடுவார்கள்.

அப்பத்தா: அப்படியானால் நீ கல்லூரியிலேயே ஆடு.

சொக்கு: சும்மா இருங்க அப்பத்தா! சட்டென்று எறிந்திருக்கணும். 2018 சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் ஈகிள்ஸ் அணிக்காரர்கள் 41-33 என்று பேட்ரியாட்ஸ் அணியைக் கவிழ்த்தார்களே, அந்த சீசனில் அவர்கள் இந்த ஆர்.பி.ஓ.வை எப்படி ஆடினார்கள் தெரியுமா? இத்தனைக்கும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் மாற்று ஆளாக வந்தவர்.

அப்பத்தா: அந்தப் பிள்ளை காலைப் பார்த்திருப்பான். (வாசலில் செருப்புச் சத்தம்.) யாரு ராசா?

சொக்கு: நம்ம பங்காளி வீட்டு ஐயா. திண்ணைப் பக்கம் போகிறார்.

அப்பத்தா: திண்ணையில் உட்கார்ந்தால் காபியோடு போச்சு. நேரே உள்ளே வந்தால் கடன்.

சொக்கு: உட்காருகிற மாதிரி குனிந்தார்... இல்லை, நிலைப்படி தாண்டிவிட்டார்!

அப்பத்தா: (உரக்க) வாங்க தம்பி வாங்க! நல்ல வேளை வந்தீங்க. ஒரு இருபதாயிரம் கைமாற்று யாரிடம் கேட்பது என்று இப்போதுதான் முழித்துக்கொண்டிருந்தேன்!

(செருப்புச் சத்தம் வேகமாகத் தெருப் பக்கம் போகிறது.)

சொக்கு: போய்விட்டார் அப்பத்தா. வாயைக்கூடத் திறக்கவில்லை.

அப்பத்தா: திறக்கவிட்டால் அபராதம் இருபதாயிரம். பூண்டை எடு, நீயும் நாலு பல் உரி.