ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன், தம்பி

அச்சுக்கு முன்னாடி சரிபார்க்க அனுப்பின கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபுக்கு, வாட்ஸ்அப்ல 'ஓகே'ன்னு கட்டை விரல் வந்து முழுசா முப்பத்தாறு மணி நேரம் ஆச்சு. அட்டை மேல தங்க ஃபாயிலுக்கு பிளாக் எடுத்தாச்சு. ஆஃப்செட் அச்சுக்கு பிளேட் போட்டாச்சு. உள்தாள் அடிச்சு, வெட்டி அடுக்கியாச்சு. ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு பொண்ணு வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல இருந்து ஒரு மெசேஜ்: "தம்பி, ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன். சித்தப்பா பேர் விட்டுப்போச்சு. அவ்ளோதான்."

அவ்ளோதானாம்.

சித்தப்பா என்ன நேத்தா பொறந்தாரு? ப்ரூஃப் மூணு தடவை போச்சு. குரூப்ல பதினேழு பேர் இருக்காங்க. அந்தப் பதினேழுல சித்தப்பாவும் ஒருத்தர். முதல் கட்டை விரலே அவரோடதுதான்! தன் பேர் இல்லாத பத்திரிகைக்கு "சூப்பர்"னு வேற போட்டிருக்காரு மனுஷன்.

சரி, ஒரு பேரைச் சேர்த்தா என்னாகும்னு நிதானமா பார்ப்போம். நிதானம் எங்க கிடக்குதோ, தேடிப் பிடிச்சுப் பார்ப்போம்.

"தங்கள் நல்வரவை விரும்பும்"னு ஆரம்பிக்கிற இடம் ரெண்டு பத்தி. இடது பக்கம் பொண்ணு வீடு, வலது பக்கம் மாப்பிள்ளை வீடு. பதினொன்னுக்குப் பதினொன்னு, தராசு மாதிரி நிக்கும். இப்ப சித்தப்பாவைக் கடைசில கொண்டுபோய் உட்கார வைக்க முடியுமா? கல்யாண வீட்டுல சாப்பாட்டுப் பந்திக்குக் கூட வராம போயிடுவாரு. பெரியப்பாவுக்குக் கீழ, அத்தை வீட்டுக்காரருக்கு மேல, வயசு வரிசைப்படி நுழைக்கணும். அதுக்குக் கீழ இருக்கிற அத்தனை பேரும் ஒரு படி இறங்கணும். இடது பக்கம் பன்னெண்டு ஆயிடுச்சு. வலது பக்கம் ஒரு வரி வெள்ளையா கிடக்கு. அதை மாப்பிள்ளை வீட்டுல பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டு, "எங்க சைடு ஏன் காலியா இருக்கு?"ன்னு ஒரு ஒண்ணுவிட்ட தாய்மாமனை அனுப்பி வைப்பாங்க. ஆக, ஒரு பேர் ரெண்டு பேர் ஆச்சு. ரெண்டு பேரும் "திரு – திருமதி" சகிதமா வருவாங்க, அதனால நாலு பேர்.

கார்டு அஞ்சுக்கு ஏழு இஞ்ச். நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் வெளிய விட்டிருக்கு. உள்ளுக்குள்ள 5 மில்லிமீட்டருக்கு எழுத்து வரவே கூடாது, கட்டிங் மெஷின் ஒரு முடி விலகினாலும் பேர் கழுத்தறுபடும். இடம் ரப்பர் இல்லையே இழுக்கிறதுக்கு. 10.5 பாயிண்ட்ல இருந்த எழுத்தை 9.5க்கு இறக்கணும். வரிக்கு வரி 14 பாயிண்ட் இருந்த இடைவெளியை 12 ஆக்கணும். இங்கிலீஷ்னா அது ஒரு விஷயமே இல்ல. தமிழ்ல மேல புள்ளியும் சுழியும் நிக்கும், கீழ ழு, ளு, கூ எல்லாம் வாலை நீட்டும். வரியை நெருக்கினா மேல் வரி ழுவோட வால் நேரா கீழ் வரி 'த்'தோட புள்ளி மேல வந்து உட்காரும். புள்ளி மறைஞ்சா சித்தப்பா சிததபபா ஆயிடுவாரு. அதுக்கும் ஒரு "சின்ன கரெக்‌ஷன்" வரும், பாருங்க.

இதெல்லாம் கம்ப்யூட்டர்ல. பிரஸ்ல நடக்கிற கூத்து தனி.

உள்தாள் எழுத்து மெரூன் கலர்லதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு? அவங்கதான். மல்டிகலர் ஜாப்ல மெரூனுக்குன்னு தனி மை ஊத்தி வைக்கிறதில்ல. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நாலையும் புள்ளி புள்ளியா அடுக்கினாத்தான் கண்ணுக்கு மெரூன். "கறுப்பு எழுத்தே வைங்க, பின்னாடி மாத்துறதுனா ஒரே பிளேட்டோட போயிடும்"னு அப்பவே சொன்னா, "கறுப்பு அபசகுனம்". சரி, சகுனம் நல்லா இருக்கட்டும். இப்ப நாலு பிளேட்டும் குப்பைக்கு. அதுவும் அந்த ஷீட்ல இந்த ஒரு வீட்டுப் பத்திரிகை மட்டுமா இருந்தது? செலவு குறையணும்னு மூணு வீட்டு ஜாப்பை ஒரே ஷீட்ல சேர்த்துதான் அடிப்பாங்க. மத்த ரெண்டு வீடும் போயாச்சு. இனி சித்தப்பாவுக்காக ஒரு மெஷின் தனியா மை ஏத்தி, ஷீட் ஓட்டி, கலர் நிலைக்கு வர்ற வரைக்கும் தாளை வீணாக்கி, அறுநூறு அடிச்சு, மறுபடி கழுவணும்.

அடுத்த வரி எல்லாருக்கும் மனப்பாடம்: "அந்த இடத்துல மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாமே தம்பி?" ஒட்டலாமே! அறுநூறு கார்டு. ஒண்ணுக்கு இருபது செகண்டுன்னு வைங்க, அதுவும் கோணாம ஒட்டுற கைக்கு. பன்னெண்டாயிரம் செகண்டு. மூணு மணி இருபது நிமிஷம், டீ குடிக்காம, தும்மாம. அந்தத் தாளோ டெக்ஸ்சர் தாள், மேடும் பள்ளமும். ஸ்டிக்கர் பசை மேட்டுல மட்டும்தான் பிடிக்கும், ரெண்டே நாள்ல ஓரம் எழும்பிடும். எழும்பின ஓரத்தைப் பார்த்தா எந்த விரலுக்குமே சும்மா இருக்க முடியாது. ஊர்ல முதல் வேலையா அதைப் பிச்சுப் பார்ப்பாங்க: "அடியில யாரு பேரு இருந்துச்சு?" மறைக்கப் போட்ட ஸ்டிக்கரே விளம்பரம் ஆயிடும்.

இன்னும் சித்தப்பா பேர் எப்படி வந்து சேர்ந்ததுன்னு சொல்லலையே. வாய்ஸ் மெசேஜ். பின்னணில மிக்ஸி. அந்தச் சத்தத்துல ல, ள, ழ மூணும் ஒண்ணுதான். "டைப் பண்ணி அனுப்புங்க"ன்னா, துண்டுச் சீட்டுல எழுதி, மங்கல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வரும். "இல்ல சார், டைப்"ன்னா, இங்கிலீஷ் எழுத்துல தமிழ். இனிஷியல் 'கே'ன்னு இருக்கும். தமிழ்ல அது க.வா, கா.வா, கு.வா? கேட்டா, "அவர் கே-ன்னுதான் கையெழுத்து போடுவாரு". அவரோட அப்பா பேரைக் கேட்கணும், அதுக்கு இன்னொரு போன். கடைசியா ஒரு புண்ணியவதி யுனிகோடுல அழகா டைப் பண்ணி அனுப்பினா, பத்திரிகை ஃபைல் யுனிகோடு புரியாத பழைய பாமினி ஃபான்ட்ல இருக்கும். நேரா பேஸ்ட் பண்ணினா கட்டம் கட்டமா நிக்கும். கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தி எடுக்கணும், மாத்தினதும் கொம்பும் காலும் அதது இடத்துல இருக்கான்னு எழுத்தெழுத்தா பார்க்கணும். பக்கம் அமைக்கிற இன்டிசைன் சாஃப்ட்வேர்லயே யுனிகோடுல வேலை செஞ்சாலும், எழுத்தை அடுக்குற செட்டிங்கான பாராகிராஃப் கம்போஸரை வேர்ல்ட் ரெடிக்கு மாத்தாம விட்டா, 'கொ'வோட கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்கும். இதுதான் "ஒரு பேர் டைப் பண்ண எவ்ளோ நேரம் ஆகும்?"கிற கேள்விக்குப் பதில். கேட்டவங்க பதிலுக்கு நிக்கிறதில்ல, அது வேற.

சித்தப்பா உள்தாள் சமாச்சாரம். அவரைவிடப் பெரிய ஆள் ஒருத்தர் இருக்காரு: நியூமராலஜி ஜோசியர். இவர் வர்றதுக்குன்னே ஒரு நேரம் இருக்கு, எல்லா வேலையும் முடிஞ்ச மறுநாள் காலை. பொண்ணு பேர் இங்கிலீஷ்ல கடைசில இன்னொரு 'ஏ' வேணுமாம், கூட்டுத்தொகை அப்பதான் நல்லா வருமாம். அந்தப் பேர் எங்க இருக்கு? அட்டை மேல தங்க ஃபாயில்ல. ஃபாயிலுக்கு உலோக பிளாக், எழுத்தை அரிச்சு எடுத்தது. அதுல நடுவுல ஒரு எழுத்தைச் சொருக முடியாது, புதுசாத்தான் எடுக்கணும். எழுத்து கூடினா அகலம் கூடும், அகலத்தைக் குறைக்க எழுத்தைச் சின்னதாக்கினா சுழி எல்லாம் ஃபாயில்ல அடைச்சுக்கும். தமிழ்ப் பேரும் ஃபாயில்ல இருந்தா ண, ஞ, ஜ-வோட ஓட்டையெல்லாம் மூடி, தங்கக் கட்டி மாதிரி ஒரு பொட்டு நிக்கும். இதோட முடிஞ்சுதா? வரவேற்பு போர்டு, மேடை பின்னாடி தொங்குற பேக்டிராப், சன்போர்டு அட்டைல வெட்டின பேர், தாம்பூலப் பைல ஸ்க்ரீன் பிரிண்ட், வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிதழ். ஒரு 'ஏ'வுக்கு ஆறு ஃபைல். ஜோசியருக்கு தட்சிணை தேங்காய் பழத்தோட போகும். பிளாக் காசைக் கேட்டா "அதெல்லாம் நீங்களே பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க".

அடங்க மாட்டேங்குது, இதையும் சொல்லிடறேன். மெரூன் அட்டைல தங்க ஃபாயில்ல கியூஆர் கோடு கேட்கிறவங்களுக்கு: அது ஸ்கேன் ஆகுறது சந்தேகம்தான், ஆச்சுன்னாலும் சில போன்லதான் ஆகும். கேமராவுக்கு வெளிச்சமான பின்னணியில இருட்டான கட்டம் வேணும். தங்கம் லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும், போதாததுக்கு இருட்டும் வெளிச்சமும் இடம் மாறி இருக்கு. வெள்ளைத் தாள்ல, கறுப்புல, குறைஞ்சது ரெண்டு சென்டிமீட்டர், சுத்திலும் நாலு கட்ட அகலத்துக்கு எதுவும் இல்லாத வெள்ளை. கொடி, மயில், மாங்கா டிசைன் எதுவும் அந்த வெள்ளைக்குள்ள எட்டிப் பார்க்கக் கூடாது. "டிசைனோட ஒட்டலையே"ன்னா ஒட்டாது. மண்டபத்துக்கு வழி தெரியணுமா, மயில் தெரியணுமா, முடிவு பண்ணிக்கோங்க.

நம்ம பக்கம் மட்டும் யோக்கியமான்னா, இல்லதான். 2025 ஏப்ரல் 14ல விசுவாவசு வருஷம் பொறந்தாச்சு. அதுக்கு மூணு மாசம் கழிச்சும் "நிகழும் மங்களகரமான குரோதி வருடம்"னு பத்திரிகை வெளிய போயிட்டுத்தான் இருந்தது. போன வருஷ ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாத்துற பழக்கம். அதனாலதான் சரிபார்க்கச் சொல்றது. இங்கிலீஷ் தேதி, கிழமை, தமிழ்த் தேதி மூணும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். 2025 செப்டம்பர் 4னா வியாழன், ஆவணி 19. மூணுல ஒண்ணு இடறினாலும் கேலண்டரை எடுத்துப் பாருங்க. முதல் நாள் சாயங்கால ரிசப்ஷனுக்கு முகூர்த்தத் தேதியே ஒட்டிக்கிட்டிருக்கான்னு பாருங்க. "தெய்வத்திரு" யாருக்கு முன்னாடி நிக்குதுன்னு ரெண்டு தடவை பாருங்க, உயிரோட இருக்கிற தாத்தாவுக்கு முன்னாடி நின்னா அதை எந்த ஸ்டிக்கரும் காப்பாத்தாது. திருவளர்ச்செல்வியா திருநிறைச்செல்வியான்னு வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல வளர், கடைசிப் பிள்ளைக்கு நிறைன்னு வழக்கம் சொல்வாங்க. இதையெல்லாம் போன்ல ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பார்க்கக் கூடாது. அசல் சைஸ்ல ஒரு தாள் எடுத்து, பேர்களைக் கீழ இருந்து மேல, ஒருத்தர் சத்தமா வாசிக்க இன்னொருத்தர் டிக் அடிக்கணும். மேல இருந்து வாசிச்சா பழகின கண்ணு தானா நிரப்பிக்கிட்டுப் போயிடும். கீழ இருந்து வந்தாத்தான் "ஆமா, சித்தப்பா எங்க?"ன்னு நிக்கும். அப்புறம் அந்தத் தாள்லயே பேனாவால ஒரு கையெழுத்து. பதினேழு கட்டை விரல் வேண்டாம். ஒரு கையெழுத்து போதும்.

கேட்டா வருத்தப்படுவாங்க. "நம்பிக்கை இல்லையா தம்பி?"

நாளைக்கு ஃபைலைத் திறந்தாகணும். சித்தப்பா உள்ள வந்துதான் ஆகணும், வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்கணுமாம். ஆடிப் பதினெட்டு வரைக்கும் "ஆடில எதையும் ஆரம்பிக்கக் கூடாது"ன்னு உட்கார்ந்திருந்துட்டு, பெருக்கு முடிஞ்ச மறுநாள் ஊரே பிரஸ் வாசல்ல நிக்கும், அதுல இந்தக் குடும்பமும் ஒண்ணு. மெஷின்ல விட்ட இடத்தை மறுபடி பிடிக்க எத்தனை பேர்கிட்ட பல்லைக் காட்டணுமோ. எல்லாம் முடிஞ்சு கட்டு கட்டா டெலிவரி கொடுத்த அடுத்த நாள் "இன்னும் ஒரு அம்பது கார்டு மட்டும்"னு வரும்னும் தெரியும். அம்பதுக்கும் அதே நாலு பிளேட்டை ஏத்தி, அதே மையை ஊத்தி, அதே கழுவல்தான், ஆனா காசு மட்டும் "அம்பதுக்குத்தானே" போடணும். ஆரம்பத்துலயே பத்துக்கு ஒண்ணு கூடச் சொல்லுங்கன்னு சொன்னப்ப, "வீணாப் போயிடும்"னாங்க.

அட, இதையெல்லாம் கூட விட்டுடலாம். இந்த டபுள் சைடு டேப் கண்டுபிடிச்சவர் யாரு? அதோட நுனியை எங்கப்பா ஒளிச்சு வைக்கிறீங்க? கவர் ஒட்டணும், முன்னால அறுநூறு கவர் இருக்கு, கையில டேப் இருக்கு, நுனி மட்டும் இல்ல. லைட்டுக்கு நேரா பிடிச்சு, சுத்திச் சுத்தி நகத்தால தடவி, கிடைச்சுடுச்சுன்னு இழுத்தா பாதி அகலத்துக்குக் கிழிஞ்சு, சாய்வா ஓடி, மறுபடி உருளைக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது. இன்னிக்கு மட்டும் நாலாவது தடவை.