பத்து நிமிஷப் படத்துக்கும் சம்பளம் கொடுத்த காலம்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். விஸ்காம் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே ஆரம்பித்துவிட்டான். "மாமா, ஒரு ஷார்ட் ஃபிலிம் பண்றேன். கேமரா வாடகைக்குப் பத்தாயிரம் குறையுது." என்ன கதைடா என்றேன். கதையை அரை நிமிஷத்தில் சொல்லி முடித்தான். அதைப் பார்த்துவிட்டு எந்தக் கம்பெனியில் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் எந்த ஹீரோவிடம் போய்க் கதை சொல்வது என்பதைக் கால் மணி நேரம் சொன்னான்.

அவனைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் குறும்படம் என்றால் விசிட்டிங் கார்டு. டிவியில் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி வந்த பிறகு அது இன்னும் உறுதியாகிவிட்டது. அந்த மேடையிலிருந்து நல்ல இயக்குநர்கள் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் விசிட்டிங் கார்டை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். அச்சடிக்கிறவன் கைக்காசுதான் போகும். அம்மாவின் வளையல், நண்பனின் பைக், மாமாவின் பத்தாயிரம்.

எனக்குப் பழைய ஹாலிவுட் மேல் ஒரு கிறுக்கு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியும். அதிலும் பெரிய படங்களைவிட, அவற்றுக்கு முன்னால் தியேட்டரில் ஓட்டிய துண்டுப் படங்கள் மேல்தான் கிறுக்கு அதிகம். அவனிடம் சொல்ல வாயெடுத்து, அவன் போனில் மூழ்கியிருந்ததால் விழுங்கியதை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1930களில் அமெரிக்காவில் டிக்கெட் எடுத்து உள்ளே போனால் உடனே மெயின் படம் வராது. முதலில் நியூஸ் ரீல். அப்புறம் ஒரு கார்ட்டூன். ஒரு காமெடியோ, பாட்டுக் கச்சேரியோ, ஏதாவது ஒரு நாட்டைச் சுற்றிக் காட்டும் படமோ ஒன்று. அடுத்து ட்ரெய்லர். அதற்கப்புறம்தான் கதாநாயகன், கதாநாயகி எல்லாம். இந்தச் சின்னப் படங்களை எடுக்கப் பெரிய ஸ்டுடியோக்கள் தனி இலாகா வைத்திருந்தன, அல்லது வெளியே ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தன. மாதச் சம்பளத்துக்கு எழுத்தாளர்கள், கேமராமேன்கள், இயக்குநர்கள். தியேட்டர்காரர் இவற்றுக்கும் வாடகை கொடுத்தார்.

துணிக்கடையில் மீட்டர் மாதிரி இவற்றுக்கு ரீல்தான் அளவு. ஒரு ரீல் என்பது ஆயிரம் அடி. பேசும் படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆக ஒரு ரீலுக்குப் பதினோரு நிமிஷம், இரண்டு ரீலுக்கு இருபது, இருபத்திரண்டு. ஆஸ்கார்க்காரர்களே 1936-லிருந்து 1956 வரை 'ஒரு ரீல் படம்', 'இரண்டு ரீல் படம்' என்று அளந்துதான் பரிசு கொடுத்தார்கள். கவிதைக்குப் பரிசு கொடுக்கும்போது எத்தனை பக்கம் என்று கேட்பது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த ஆயிரம் அடிதான் அவர்களுக்கு வெண்பாவின் நாலடி. அதற்குள் அடங்கினால் உண்டு, இல்லையென்றால் கத்தரி.

நம் பிள்ளைகள் டிவியில் பார்த்து வளர்ந்த டாம் அண்ட் ஜெர்ரியும் அப்படி வந்ததுதான். 1940-லிருந்து 1958 வரை ஹன்னா, பார்பெரா என்ற இரண்டு இயக்குநர்கள் எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்காக எடுத்த 114 படங்களும் தியேட்டருக்காக எடுத்தவை. வேலை முடிந்து வந்த பெரியவர்கள் இருட்டில் உட்கார்ந்து சிரித்த படங்கள். அவற்றில் ஏழுக்கு ஆஸ்கார். பின்னணியில் முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதை இப்போது கவனித்துக் கேளுங்கள், எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள் என்று புரியும்.

சரி, எனக்குப் பிடித்த ஒன்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1932-இல் வந்த 'தி மியூசிக் பாக்ஸ்'. லாரல் - ஹார்டி காமெடி ஜோடி நடித்தது. ஹால் ரோச் கம்பெனி எடுத்து, எம்ஜிஎம் விநியோகித்தது. மூன்று ரீல், அரை மணிக்கு ஒரு நிமிஷம் குறைவு. கதை இவ்வளவுதான்: பெட்டியில் அடைத்த ஒரு பியானோவை மேட்டின் உச்சியிலிருக்கும் ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் போக நெட்டுக்குத்தாக ஒரு நீளப் படிக்கட்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் சில்வர் லேக் பகுதியில் வென்டோம் தெருவை ஒட்டி அந்தப் படிக்கட்டு இன்னும் இருக்கிறது, 133 படிகள்.

பாதி ஏறியதும் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு ஆயா எதிரே வருகிறாள். அவளுக்கு வழிவிடப் போய்ப் பியானோ கீழே ஓடுகிறது. மறுபடி ஏற்றுகிறார்கள். போலீஸ்காரர் கூப்பிடுகிறார், மறுபடி ஓடுகிறது. ஒரு கோபக்காரப் பேராசிரியர் வந்து நான் போக வழி விடு என்கிறார், அவர் தொப்பி போய் ரோட்டில் வண்டிக்கு அடியில் நசுங்குகிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் பெட்டிக்குள்ளிருந்து பியானோ கம்பிகள் முனகும் சத்தம் வரும். பேசும் படம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பெட்டிக்குள் இருப்பதைக் காட்டாமலேயே அதை ஒரு ஆளாக்கிவிட்டார்கள், சத்தத்தால் மட்டும்.

மூச்சு வாங்க உச்சிக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு போஸ்ட்மேன் கேட்கிறார்: ஏம்ப்பா, பின்பக்கம் ரோடு இருக்கிறதே, வண்டியிலேயே வந்திருக்கலாமே? வேறு யாராக இருந்தாலும் அங்கே தலையில் அடித்துக்கொண்டு காட்சியை முடித்திருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் பியானோவைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் இறங்கி, வண்டியில் ஏற்றி, ரோடு வழியாக மறுபடி மேலே கொண்டு வருகிறார்கள்! நான் எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருவேன், வயிறு வலிக்கும். கடைசியில் வீட்டுக்காரரான அந்தப் பேராசிரியர் கோடரியால் பியானோவை வெட்டும்போது அது தானாகத் தேசிய கீதத்தை வாசிக்க ஆரம்பிக்கிறது. மூன்று பேரும் விறைப்பாக நின்று மரியாதை செய்கிறார்கள். கீதம் முடிந்ததும் வெட்டு தொடர்கிறது.

குறும்படத்துக்கு ஆஸ்கார் கொடுக்க ஆரம்பித்த முதல் வருஷமே, காமெடிப் பிரிவில் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது பரிசைப் பற்றி இல்லை. இதே படிக்கட்டில் இதே ஜோடி 1927-இல் ஒரு ஊமைப்படம் எடுத்திருந்தது. அதில் பியானோவுக்குப் பதில் துணி துவைக்கும் மெஷின். (அந்தப் படம் இன்று எங்கேயும் இல்லை, தொலைந்தே போய்விட்டது.) அதாவது ஒரு தடவை செய்து பார்த்து, ஐந்து வருஷம் மனதில் ஊறப்போட்டு, சத்தம் வந்த பிறகு இன்னும் பிரமாதமாகச் செய்தார்கள். நடுவில் டஜன் கணக்கில் வேறு படங்கள். இந்த ஜோடி நடித்த குறும்படங்கள் மட்டும் எழுபதுக்கு மேல். ஒரே வேலையை எழுபது தடவை, சம்பளத்தோடு செய்யக் கிடைத்தால் யாருக்குத்தான் கை வராது? என் அக்கா மகனுக்கு ஒரு தடவைதான். அதிலேயே எல்லாவற்றையும் நிரூபித்தாக வேண்டும்.

அங்கேயும் குறும்படத்தைப் படிக்கட்டாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரெட் ஸின்னமான் எம்ஜிஎம்மின் குறும்பட இலாகாவில் இயக்குநராக இருந்தவர். டாக்டர்கள் கை கழுவ வேண்டும் என்று சொன்னதற்காக அவமானப்பட்ட ஸெம்மல்வைஸின் கதையை 1938-இல் ஒரு ரீலுக்குள் எடுத்தார், அந்தப் படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. ஒரு மனிதனின் முழு வாழ்க்கை, பத்து நிமிஷம். பிற்பாடு 'ஹை நூன்' என்ற புகழ்பெற்ற கௌபாய் படத்தை எடுத்தவர் அவர்தான். வித்தியாசம் என்னவென்றால், படிக்கட்டு ஏறிய காலத்திலும் அவருக்கு வாராவாரம் செக் வந்தது.

இன்னொரு விஷயம். பெரிய படத்தில் இடம் கிடைக்காதவர்களுக்குச் சின்னப் படத்தில் இடம் கிடைத்தது. ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் திரையில் தோன்றியது வாழ்நாளில் ஒரே ஒரு படத்தில், அது 1929-இல் வந்த இரண்டு ரீல் படம். 1944-இல் வார்னர் பிரதர்ஸ் 'ஜாமின் த ப்ளூஸ்' என்று ஒன்று வெளியிட்டது. பத்து நிமிஷம், கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் வாசிப்பதும் பாடுவதும் ஆடுவதும்தான் படம். முதல் ஷாட்டில் இருட்டில் ஒரு வட்டம் தெரியும். நிலாவா, தட்டா என்று யோசிக்கும்போதே அது மெல்லச் சாயும். லெஸ்டர் யங்கின் தொப்பி! கீழே அவர் முகம், சிகரெட் புகை, சாக்ஸபோன். எடுத்தவர் ஜோன் மிலி என்ற புகைப்படக்காரர்.

அந்தக் குழுவில் ஒரே ஒரு வெள்ளைக்காரர் உண்டு, கிடார் வாசித்த பார்னி கெஸ்ஸல். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பதைத் தென் மாநிலங்களில் காட்ட முடியாது என்று ஸ்டுடியோவுக்குப் பயம். அவரை நிழலிலேயே உட்கார வைத்தார்கள். கை தெரியும் க்ளோசப்பில் விரல்களுக்குப் பெர்ரிச் சாற்றைப் பூசிக் கறுப்பாக்கினார்கள். இவ்வளவு அழகான படத்துக்குள் இவ்வளவு அசிங்கமான ஒரு வேலை. இனி எப்போது பார்த்தாலும் உங்கள் கண் அந்த விரல்களுக்குத்தான் போகும், மன்னிக்கவும்.

ஆமாம், பொற்காலம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. வியாபாரமும் யோக்கியமாக நடக்கவில்லை. பெரிய நட்சத்திரத்தின் படம் வேண்டுமா, அப்படியானால் எங்கள் காமெடி, கார்ட்டூன், நியூஸ் ரீல் எல்லாவற்றையும் சேர்த்து எடு என்று தியேட்டர்காரர் கழுத்தில் கட்டினார்கள். சர்க்கரை வேண்டுமென்றால் சோப்பும் வாங்கு என்ற மளிகைக்கடைக் கதைதான். அரசாங்கம் வழக்குப் போட்டு, 1940 உடன்பாட்டில் சின்னப் படங்களை இப்படித் தலையில் கட்டுவது நின்றது. 1948-இல் உச்ச நீதிமன்றம் தியேட்டர்களையே ஸ்டுடியோக்களிடமிருந்து பிரிக்கச் சொன்னது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் கட்டாயம் போனதும் சின்னப் படத்துக்கு இருந்த நிச்சயமான சந்தையும் சேர்ந்து போனது.

அதற்கு முன்னாலேயே பஞ்சம் வந்து பாதியைத் தின்றிருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கூட்டம் சேர்க்க ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்று ஆரம்பித்தார்கள். இரண்டாவது படம் வந்து உட்கார்ந்த இடம் இரண்டு ரீல் காமெடியின் இடம். 1935-இலேயே ஹால் ரோச், லாரல் - ஹார்டி குறும்படங்களை நிறுத்திவிட்டார்.

கொலம்பியா ஸ்டுடியோ கடைசிவரை விடாமல் இழுத்தது. 'த்ரீ ஸ்டூஜஸ்' மூன்று பேரை வைத்து 1934-லிருந்து 1959 வரை 190 படங்கள். கடைசி வருஷங்களில் செலவைக் குறைக்கப் பழைய படத்தின் காட்சிகளை வெட்டி, நாலு புதுக் காட்சி சேர்த்து, புதுப் பெயர் வைத்து விட்டார்கள். 1955-இல் மூவரில் ஒருவரான ஷெம்ப் ஹோவர்ட் இறந்துபோனார். இன்னும் நாலு படம் பாக்கி. என்ன செய்தார்கள் தெரியுமா? வேறொரு நடிகரை முதுகைக் காட்டி நடக்கவிட்டு, முகத்துக்குப் பழைய காட்சிகளை ஒட்டி, நாலு படத்தையும் முடித்து 1956-இல் வெளியிட்டார்கள். செத்தவரையும் விடாத சிக்கனம். 1958-இல் அந்தப் படங்கள் டிவிக்கு விற்கப்பட்டு அமெரிக்கப் பிள்ளைகளிடம் சக்கைப் போடு போட்டன. நடித்தவர்களுக்கு அந்த விற்பனையில் பங்கு கிடையாது.

நம் பக்கம் திரும்பினால், கட்டாயச் சின்னப் படம் நமக்கும் இருந்தது. 1948-இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப் படம். அதற்கும் தியேட்டர்காரர் வாடகை கட்டியாக வேண்டும். எங்கள் ஊர் டாக்கீஸில் டீக்கடைப் பக்கம் நின்று பீடி பிடிப்பவர்கள் டிக்கெட் கிழிக்கிறவரைக் கேட்பார்கள். "படம் போட்டாச்சா?" "இன்னும் நியூஸ்தான் ஓடுது." இன்னொரு பீடி பற்ற வைப்பார்கள்.

ஆனால் நம்முடைய அசல் இரண்டு ரீல் காமெடி தியேட்டரில் தனியாக ஓடவில்லை. அது மெயின் படத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. காமெடி ட்ராக். கதைக்குச் சம்பந்தம் இருக்காது, எழுதுகிறவர் தனி, சில சமயம் ஷூட்டிங்கும் தனி. கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்துக்குச் சண்டை போட்டதை மெயின் கதையிலிருந்து உருவி எடுத்தால் கதைக்கு ஒரு கீறலும் விழாது, காட்சிக்கும் ஒன்றும் ஆகாது. ஆதித்யாவும் சிரிப்பொலியும் பிழைத்ததே இப்படி உருவி எடுத்துத்தான். லாரல் - ஹார்டிக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசிகூட அந்த ட்ராக்குகளை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் பழைய ஆதங்கம். அது வேறு பதிவு.

யூடியூப் இருக்கிறதே, இனி என்ன குறை என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். யூடியூபில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டிக் காசு கொடுத்து வாங்குகிறவர் இல்லை. இன்று எந்த மல்டிபிளெக்ஸுக்குப் போனாலும் நகைக்கடை, வேட்டி, ரியல் எஸ்டேட், புகையிலை எச்சரிக்கை என்று கால் மணி நேரம் போகிறது. அது பழைய குறும்படத்தின் நாற்காலி. அதில் பத்து நிமிஷத்தை ஒரு நல்ல தமிழ்க் குறும்படத்துக்குக் கொடுத்து, டிக்கெட்டில் ஒரே ஒரு ரூபாயை எடுத்தவனுக்குக் கொடுத்தால் என்ன? கட்டாயமாக வேண்டாம், கட்டாயமானால் மறுபடி பீடிதான். விருப்பப்பட்ட நாலு தியேட்டர் ஆரம்பித்தால் போதும். நடக்காது என்று எனக்கும் தெரியும். நகைக்கடைக்காரர் கொடுப்பது ஒரு ரூபாய் இல்லை.

பையன் கிளம்பும் முன்னால் பிடித்து வைத்து 'தி மியூசிக் பாக்ஸ்' போட்டேன். நின்றுகொண்டேதான் பார்த்தான், ஒரு கையில் பைக் சாவி. ஆயா வந்தபோது லேசாகச் சிரித்தான். போஸ்ட்மேன் வந்ததும் சாவியை டேபிளில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். முடிந்ததும், "மாமா, அந்தப் பெட்டி கீழ ஓடுறதை ஒரே ஷாட்ல எப்படி எடுத்திருப்பாங்க?" என்று கேட்டு, பின்னுக்குத் தள்ளி இன்னொரு தடவை பார்த்தான். பத்தாயிரத்தில் ஐயாயிரம் ஜிபே பண்ணியிருக்கிறேன். மீதியை அக்காவிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.