கடல் தெரியும் வீடு சரி, பள்ளியில் தமிழ் இருக்கிறதா?

முந்தாநாள் நம் சிங்கப்பூர்த் தமிழர் இணையக் குழுவில் நடந்ததை உங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். முழுக்கத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை மாற்றலாகி வரும் ஒரு தம்பி, கடற்கரைப் பக்கம் வீடு வேண்டும், பக்கத்தில் நல்ல பள்ளியும் வேண்டும், எந்த ஏரியா பார்க்கலாம் என்று கேட்டார். மளமளவென்று பதில்கள். மரின் பரேட், காத்தோங், சிக்லாப் என்று கிழக்குக் கடற்கரை வட்டாரங்கள். கூடவே "டாப் ஸ்கூல்" பட்டியல். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: அந்தப் பள்ளியில் தமிழ் இருக்கிறதா?

அதற்கு வந்த பதில்: "தமிழ்தானே அக்கா, வீட்டில் பேசிக்கொள்ளலாம். பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள்." அந்தப் பதிலுக்கு விழுந்த லைக்குகளில் எனக்குத் தெரிந்த முகங்கள் எத்தனை! அதுதான் வலிக்கிறது.

சரி, நிதானமாகவே பேசுவோம். பட்டியலில் முதலில் இருந்தது தாவ் நான். 1906இல் தொடங்கிய பள்ளி, அருமையான பள்ளி, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. அங்கே தாய்மொழிப் பாடம் சீனம் மட்டும்தான். நாடு முழுக்க இப்படி 15 தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. கிழக்கில் கில்மார்ட் சாலையில் கோங் ஹுவா, பிடோக் நார்த்தில் ரெட் சுவஸ்திகா, தெம்பனிஸில் போய் சிங். சீனச் சமூகம் தன் மொழிக்காகப் பாடுபட்டு வளர்த்த பள்ளிகள் அவை, அதில் எனக்கு மரியாதைதான் உண்டு. நம் பிள்ளைக்குத் தமிழ்தான் தாய்மொழிப் பாடம் என்றால் அங்கே இடமே இல்லை என்பதை, பட்டியல் போட்டவர்களில் ஒருவராவது சொன்னார்களா? அந்தத் தம்பி அதை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால்?

இன்னொன்று. "ஒரு கிலோமீட்டருக்குள் வீடு எடுத்தால் சீட் உறுதி" என்று வேறு ஒருவர் அடித்துச் சொன்னார். குடிமக்களுக்கே அது உறுதி கிடையாது, கூட்டம் அதிகமானால் குலுக்கல்தான். அந்தத் தம்பியோ வேலை அனுமதியில் வருகிறவர். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எல்லாச் சுற்றும் முடித்த பிறகு தொடக்கநிலை ஒன்றுப் பதிவின் மூன்றாம் கட்டத்தில்தான் அவருடைய சின்னப் பிள்ளைக்கு முறை வரும். மூத்த பிள்ளை வெளிநாட்டு மாணவர்களுக்கான ஏஇஐஎஸ் சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். தேறினாலும் காலியிடம் இருக்கும் பள்ளியில்தான் போடுவார்கள். இதையெல்லாம் சொல்லாமல் காத்தோங் வாடகையை அவர் தலையில் கட்டுவது என்ன உதவி?

என் அக்கா மகனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் போன உயர்நிலைப்பள்ளியில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. அதனால் பள்ளிக்குள் வகுப்பு கிடையாது. மதியம் பள்ளி விட்டதும் பஸ் பிடித்து வேறிடத்தில் இருக்கும் தமிழ் மொழி நிலையத்துக்குப் போக வேண்டும். நண்பர்கள் திடலில் பந்து உதைத்துக்கொண்டிருக்கும்போது இவன் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பான். அக்கா சில நாள் அங்கேயே போய் மைலோவும் ரொட்டியும் கொடுத்து அனுப்புவாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். சட்டை முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "சித்தி, தமிழ் எனக்கு மட்டும் ஏன் பனிஷ்மென்ட் மாதிரி இருக்கு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். நான் வாயடைத்துப் போனேன்.

நிலையங்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் எத்தனை பிள்ளைகளுக்குத் தமிழ் கொடுத்திருக்கிறது என்று எனக்கும் தெரியும். அக்கா மகனுக்கும் நல்ல ஆசிரியர்தான் அமைந்தார். நான் சொல்வது அலைச்சலை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகம் திறக்க ஒரு கூட்டாளி இருந்தால், மொழி தானாக வாயில் நிற்கும்.

"வாடகையும் பார்க்க வேண்டும் இல்லையா?" என்றார் ஒருவர். பாருங்கள், யார் வேண்டாம் என்றது? "தமிழ் வேண்டுமென்றால் கடலை விட வேண்டுமா?" என்றார் இன்னொருவர். வேண்டாமே! பாசிர் ரிஸ் பூங்காவை ஒட்டிக் கடல் இல்லையா? பொங்கோலில், செம்பவாங்கில் இல்லையா? மரின் பரேட் என்ன ஆதிகாலத்துக் கடற்கரையா? 1960களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். 2023இல் அறிவித்த லாங் ஐலண்ட் திட்டப்படி அதற்கும் அப்பால் சுமார் 800 ஹெக்டர் தூர்க்கப் போகிறார்கள், நடுவில் நீர்த்தேக்கம் வரும். இன்று ஜன்னலில் தெரியும் கடல் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அப்படியே தெரியும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

காத்தோங் பக்கமே வேண்டுமென்றாலும் இருங்கள். சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது, இலங்கைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். அந்த வட்டாரத்துக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை என்று நான் எப்போது சொன்னேன்? பள்ளியைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றுதானே சொன்னேன்!

அப்புறம் அந்தக் கடைசிக் கமெண்ட். "சிங்கப்பூர்த் தமிழர்களே வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறீர்கள், எங்களுக்கு எதற்குப் பாடம்?" இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆமாம், பேசுகிறோம். சிங்கப்பூர்வாசிகள் அனைவரிலும் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. எங்கள் வீடுகளில் நடப்பது எங்களுக்குத் தெரியாதா? "வீட்டில் பேசிக்கொள்ளலாம்" என்று எங்கள் பெற்றோரும் நம்பினார்கள். பிள்ளை பள்ளியில் எட்டு மணி நேரம் ஆங்கிலம் பேசி, டியூஷனில் பேசி, விளையாட்டில் பேசி வீட்டுக்கு வந்தால், கேள்வி தமிழில் போகும், பதில் ஆங்கிலத்தில் வரும். பத்து வருடத்தில் கேள்வியும் ஆங்கிலமாகிவிடும். அனுபவப்பட்டவள் சொல்கிறேன் என்பதற்காகவாவது கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் வாய் நிறையத் தமிழோடு வருகிறீர்கள். உங்கள் பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைகளுக்கும் அது பலம். அந்த ஆசையில் கேட்ட கேள்விக்கு "மொழி வெறி" என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

தம்பி, நீங்கள் இதைப் படித்தால்: வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் பள்ளி அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். தமிழ் வகுப்பு பள்ளிக்குள்ளேயே நடக்கிறதா, ஒரு வகுப்பு நிலையில் தமிழ் எடுப்பவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். அரசுப் பள்ளி கிடைக்காமல் பாசிர் ரிஸ், சாய் சீ, பொங்கோல் பக்கம் இருக்கும் அனைத்துலகப் பள்ளிகளுக்குப் போனாலும் இதே கேள்விதான். தனிச்செய்தி அனுப்புங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

குழுவில் போட்ட கேள்வியை "சண்டை வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்ட நிர்வாகிக்கு: எடுக்க மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.